ஒன்பதாம் எண்

எங்கள் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். அழகுப் பொருள் கவுண்டர் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கே நிற்பவள் நான். ஆனால் அங்கே தெரிகிற முகம் என்னுடையதாக இருக்கக் கூடாது என்பது கடையின் விதி.

கவுண்டரில் நிற்கிற பெண்கள் எல்லோரும் கம்பெனி ஃபவுண்டேஷன் என்கிற முகப்பூச்சைப் பூசிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. செருப்புக் கடைக்காரர் வெறுங்காலோடு நின்றால் யார் வாங்குவார்கள்? என் சண்டை வேறு. கம்பெனிக்காரர்கள் அதை ஒன்பது நிறங்களில் செய்கிறார்கள். ஒன்றாம் எண் பால் மாதிரி இருக்கும். ஒன்பதாம் எண் என்னை மாதிரி இருக்கும். எங்கள் கடையில் ஒன்றிலிருந்து ஐந்து வரைதான் அடுக்கி வைப்பார்கள். அதற்கு மேலே உள்ளதை யாரும் கேட்பதில்லை, அதனால் வரவழைப்பதில்லை என்பார்கள். அலமாரியில் இல்லாததை யார் கேட்பார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். வாய் நீளம் என்று பெயர் கிடைத்தது.

அதனால் நான் மூன்றாம் எண்ணைப் பூசிக்கொண்டு நின்றேன். ஐந்து கூட இல்லை, மூன்று. ஐந்து 'டல்லா இருக்கு' என்று மேடம் சொல்லிவிட்டார். என் முகம் ஒரு ஊர், கழுத்து இன்னொரு ஊர், கை மூன்றாவது ஊர். காலையில் பூசும்போது கண்ணாடியில் சாம்பல் படிந்த மாதிரி ஒருத்தி நிற்பாள். மதியத்துக்குள் வேர்த்து, மூக்கோரத்தில் திட்டுத்திட்டாக உரியும். இந்த லட்சணத்தோடு நான் ஊரார் முகத்துக்கு ஆலோசனை சொல்ல வேண்டும்.

மேடம் என்றேனே, அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுண்ணாம்பு. கவுண்டர்களை மேற்பார்வை செய்கிறவர். இரண்டாம் எண்ணை அவர் பூசுவதில்லை, அடிக்கிறார். இரண்டு பூச்சுக்குக் குறையாது. சிரித்தால் வெடிப்பு விடும் என்பதாலோ என்னவோ சிரிக்கவும் மாட்டார். பக்கத்துக் கவுண்டரில் முகம் கழுவுகிற சாமான்கள் விற்கிறவளுக்கு நுரை என்று பெயர். அவள் என் சிநேகிதி. நாள் முழுவதும் உள்ளங்கையில் நுரை எழுப்பிக் காட்டுவது அவள் வேலை.

வாங்க வருகிறவர்களைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் குற்றமெல்லாம் சுண்ணாம்பின் தலையில் விழும். நுரை அதிகமாக வந்தால் அழுக்கு அதிகமாகப் போகிறது என்று நினைக்கிறவர்கள் ஒரு கூட்டம். கழுவியபின் தோலைத் தடவினால் பாத்திரம் மாதிரி கீச்சென்று சத்தம் வர வேண்டும் என்கிறவர்கள் இன்னொரு கூட்டம். எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று நம்பி, கண்ணில் நீர் வழிய வழியத் தேய்க்கிற அம்மணிகள் உண்டு. ஆண்களுக்குக் கறுப்பு டப்பா போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தர் கூடத் திருப்பிப் பார்த்ததில்லை. சாதாரணமாக, மணமில்லாமல், நுரை வராமல், தோலைப் படுத்தாமல் கழுவுகிற ஒன்று அடித்தட்டில் தூசி படிந்து கிடக்கும். நுரை அதைத்தான் தன் முகத்துக்கு வைத்திருக்கிறாள். ஒருவருக்கும் அதைச் சொல்லமாட்டாள், சொன்னால் விற்பனை படுத்துவிடும்.

ஃபவுண்டேஷன் வாங்குகிறவர்கள் இன்னும் மேல். புறங்கையில் தடவிப் பார்ப்பார்கள். முகத்தில் பூசப்போவதைக் கையில் பார்த்து என்ன பயன் என்று தோன்றாது. தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்து, கதவுப் பக்கம் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கோடு மறைந்துபோனால் அதுதான் உங்கள் நிறம் என்று நான் சொல்வேன். அப்படி மறைந்தால் அவர்களுக்கு ஏமாற்றம். காசு கொடுத்து வாங்குவது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா? கடைசியில் மஞ்சள் விளக்கின் கீழே நின்று, தன்னைவிட இரண்டு படி வெளுத்த ஒன்றை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போவார்கள். வெளியே வெயிலில் அவர்கள் எப்படித் தெரிவார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்லாவில் இருப்பவருக்கும் தெரியும். வாய் திறக்கமாட்டோம்.

இத்தனை ஏளனம் பேசுகிற நான் ஏன் அந்த வேலையைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று கேட்கலாம். நான் தற்காலிகமாக நிற்கிறவள். அதற்கு முன்னால் கீழ்தளத்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கிடையாது, தூசி உண்டு, இருமல் உண்டு. மேலே வந்தபிறகுதான் மூச்சு விட்டேன். நான் சொல்லப்போகிற வாரத்தின் கடைசியில் என்னை நிரந்தரமாக்குவதா, திரும்பக் கிடங்குக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வதாக இருந்தார்கள். முடிவு சுண்ணாம்பின் கையில். அதோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒருவர் முகத்தைப் பார்த்தவுடன் அவருக்கு எந்த எண் என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படிச் சரியாகத் தெரிகிற வேலை வாழ்க்கையில் எனக்கு வேறு எதுவும் வாய்த்ததில்லை. அதை விட மனமில்லை.

அந்த வாரம் ஆரம்பித்ததே சரியில்லை. எங்கள் வீட்டு வாலு பள்ளிக்கூடத்தில் அம்மாவை வரைந்து கொண்டுவந்தாள். கை, கால், கழுத்து எல்லாம் மண்ணிறப் பென்சிலால் நெருக்கமாகத் தீட்டியிருந்தாள். முகத்துக்கு மட்டும் ஒன்றும் தீட்டவில்லை. வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது, அதற்குள் இரண்டு கண்ணும் ஒரு வாயும்.

முகத்தை முடிக்காமல் விட்டுவிட்டாயே என்றேன். முடித்துவிட்டேன் என்றாள். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது நான் இப்படித்தான் இருக்கிறேனாம். கன்னத்தில் முத்தம் கொடுத்தால் மாவு ஒட்டுகிறதாம், கசக்கிறதாம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சுவரில் அந்தப் படத்தை ஒட்டிவிட்டு, தலை ஒருத்தருடையது உடம்பு இன்னொருத்தருடையது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவு கழுவென்று கழுவினேன். பெற்ற பிள்ளைக்கு என் முகம் வெள்ளைத் தாளாகத் தெரிகிறது என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் கம்பெனியிலிருந்து புதுப் பெட்டி வந்தது. விற்பனைக்கு ஐந்து நிறம்தான் அனுப்புவார்கள் என்றாலும், தடவிப் பார்க்கக் கொடுக்கிற மாதிரிக் குப்பிகள் ஒன்பதும் சேர்ந்தே வரும். எல்லாக் கடைக்கும் ஒரே பெட்டி. எங்கள் கடையில் ஆறு முதல் ஒன்பது வரை உள்ள மாதிரிகளைக் குப்பைக்கூடையில் பிதுக்கிக் கொட்டிவிட வேண்டும். கேட்டு யாராவது தொல்லை செய்யக் கூடாது அல்லவா. கொட்டுகிற வேலை வழக்கம்போல எனக்கு வந்தது. ஆறைக் கொட்டினேன், ஏழைக் கொட்டினேன், எட்டைக் கொட்டினேன். ஒன்பதின் மூடியைத் திறந்து தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்தேன். கண்ணாடியில் கோட்டைத் தேடினேன். காணவில்லை.

குப்பியைக் கொட்டாமல் கடையிலேயே என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. குப்பைக்குப் போக வேண்டியது என் முகத்துக்குப் போகட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் சுண்ணாம்பு தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார். கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒன்பதைப் பூசிக்கொண்டேன். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போனது, மூக்கோரத்துத் தழும்பு போனது, வேறு எதுவும் போகவில்லை. நான் நானாகவே இருந்தேன், நன்றாகத் தூங்கி எழுந்த நானாக. நுரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்ன வித்தியாசம் என்று கண்டுபிடிக்க முடியாமல், முடி வெட்டினாயா என்று கேட்டாள். வேர்த்தும் உரியவில்லை. அன்று வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். வழக்கமாக மூக்குக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைப் பார்த்துப் பேசுவார்கள். சாயங்காலம் வீட்டுக்காரரும், மதியம் தூங்கினாயா, கடையில் வேலையே இல்லையா என்று விசாரித்தார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கும் இதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

நாளை விடிந்தது. சுண்ணாம்பும் வந்தார்.

கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு முதல் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் அலுவலகம் போகிறாள். தினமும் போட்டுக்கொள்கிற மாதிரி லேசாக ஒன்று வேண்டும் என்றாள். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது: எட்டு, அல்லது ஒன்பது. எங்களிடம் இல்லாதது. அம்மாக்காரி அதற்குள் மூன்றாம் எண்ணை எடுத்து மகளின் புறங்கையில் அப்பிவிட்டாள். புது இடம், நாலு பேர் பார்ப்பார்கள், கொஞ்சம் பளிச்சென்று போனால்தான் மதிப்பு என்று விளக்கமும் சொன்னாள். அந்தப் பெண் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க என்ன போட்டிருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"அவ ஒண்ணும் போடலம்மா. அதனாலதான் அப்படி இருக்கா."

சுண்ணாம்பு. கையைக் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். வாடிக்கையாளர் முன்னால் என்று கூடப் பார்க்கவில்லை. கம்பெனி கவுண்டரில் வெறும் மூஞ்சியோடு நிற்க எனக்கு எவ்வளவு தைரியம், இந்த வாரம் என்ன வாரம் என்பது நினைவிருக்கிறதா, உள்ளே போய் மூன்றாம் எண்ணைப் போட்டுக்கொண்டு வா என்று பொரிந்து தள்ளினார்.

இருபது வருடமாக முகத்துக்குப் பூசுகிற தொழிலில் இருக்கிறேன் என்று பெருமை பேசுகிறவர். சரியாகப் பூசிய முகம் ஒரு முழம் தூரத்தில் நிற்கிறது, அடையாளம் தெரியவில்லை. அவரைப் பொறுத்தவரை ஃபவுண்டேஷன் என்றால் வெளுப்பு. வெளுக்கவில்லை என்றால் போடவில்லை. எனக்கு எரிந்த எரிச்சலில் சிரிப்பே வந்துவிட்டது.

பேசாமல் போய் மூன்றைப் பூசிக்கொண்டு வந்திருக்கலாம். வாரக் கடைசியில் நிரந்தரமாகியிருப்பேன். கால் கூட உள்ளே போகத் திரும்பிவிட்டது. ஆனால் அந்தப் பெண் தன் புறங்கையிலிருந்த மூன்றாம் எண்ணைச் சுரண்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அதனாலதான் அப்படி இருக்கா என்பது என்னைச் சொன்னது மட்டும் இல்லையே. அவளையும் சேர்த்துத்தானே சொன்னது.

நுரையின் கவுண்டரிலிருந்து ஒரு பஞ்சு எடுத்தேன். அடித்தட்டிலிருந்த அந்த நுரை வராத சாமானை அதில் ஊற்றினேன். வலது கன்னத்தில் வைத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாகத் துடைத்தேன். பஞ்சைச் சுண்ணாம்பின் மூக்குக்கு நேரே நீட்டினேன். வெள்ளைப் பஞ்சு, நடுவில் நல்ல அடர்த்தியான மண்ணிறம்.

"போட்டிருக்கேன் மேடம். ஒன்பது."

சுண்ணாம்பு பஞ்சைப் பார்த்தார், என் கன்னத்தைப் பார்த்தார். துடைத்த கன்னமும் துடைக்காத கன்னமும் ஒரே மாதிரி இருந்ததில் அவருக்குக் குழப்பம்.

"அப்போ போட்டும் இப்படித்தானா?" என்றார்.

அதைக் கேட்டு நுரை தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் முன்னால் வந்தாள். "எனக்கு அதுதான் வேணும். அவங்க போட்டிருக்கறது" என்றாள். கடையில் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அப்போதுதான் சுண்ணாம்பின் மூளை வேலை செய்தது. கடையில் இல்லாதது உன் மூஞ்சிக்கு எப்படி வந்தது என்றார்.

மேலாளர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். மேலாளர் நல்ல மனிதர்தான், எந்த வம்பிலும் மூக்கை நுழைக்காத அளவுக்கு நல்லவர். என் அலமாரியைத் திறந்து குப்பியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். அழிக்கச் சொன்னதை அழிக்காமல் எடுத்துக்கொண்டால் அது திருட்டு என்றார் அவர். குப்பைக்கூடையில் பிதுக்கியிருந்தால் நான் யோக்கியமான ஊழியர். முகத்தில் பூசிக்கொண்டதால் திருடி. ஒன்றும் பூசவில்லை என்பது காலையில் குற்றம். பூசியிருக்கிறேன் என்று காட்டியது அதைவிடப் பெரிய குற்றம்.

ஆனால் சுண்ணாம்புக்கு என்னை விட மனமில்லை. அன்பால் இல்லை. அவருடைய கவுண்டர்களில் அதிகம் விற்கிறவள் நான்தான். குரலை இறக்கி, ரொம்பவும் பரிவாக ஒரு வழி சொன்னார்.

"இங்க பாரு. நீ ஒண்ணும் போடல, வெறும் மூஞ்சியோடதான் வந்தே. பஸ்ல வந்த அழுக்கு, அதான் பஞ்சுல வந்துச்சு. அப்படிச் சொல்லிடு. சார் விட்டுடுவார். நாளையிலேர்ந்து ஒழுங்கா மூணு போட்டுட்டு வா, நான் உன்னை நிரந்தரம் பண்ணிடறேன்."

மேலாளர் நிம்மதியாகத் தலையாட்டினார். அவருக்கும் அது வசதி. அழுக்கு என்றால் திருட்டு இல்லை, திருட்டு இல்லை என்றால் அவருக்கு வேலையும் இல்லை. பஞ்சு மேசைமேல் குப்பிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதன் நடுவில் இருந்தது என் நிறம். அதன் பெயர் அழுக்கு என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்னால் கிடங்கு இல்லை, இருமல் இல்லை, வாலுவின் பள்ளிக்கூடச் செலவுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ஒரே ஒரு சொல்தான்.

பயமாக இருந்தது. சுண்ணாம்பின் முகத்தைப் பார்த்தேன். காது ஓரத்தில் இரண்டாம் எண் வெடித்து, அதற்கடியில் அவருடைய சொந்த நிறம் ஒரு நூல் அளவுக்குத் தெரிந்தது. ஆறு. பார்த்தவுடன் எனக்குத் தெரியும் என்று சொன்னேனே. நல்ல, சுத்தமான ஆறாம் எண். சுண்ணாம்பும் தன் நிறத்தைத்தான் இத்தனை வருடமும் கூடையில் பிதுக்கிக் கொட்டச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மேடம், அது அழுக்கு இல்ல," என்றேன். "அது என் கலர். உங்களது ஆறு. அதையும் நான்தான் கொட்டினேன்."

அவர் கை தானாகக் காதுப் பக்கம் போனது. அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். என் கண் முன்னாலேயே ஒன்பதாம் எண்ணையும் கூடையில் பிதுக்கிக் கொட்டினார்கள்.

சாயங்காலம் நுரை ஃபோன் செய்தாள். அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்டேன். நான் உள்ளே போனதும் சுண்ணாம்பின் ஆளொருத்தி வந்து, ஐந்தாம் எண் கைவசம் இருக்கிறது, அதுவும் கறுப்புக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாள். அம்மாக்காரி அதை ஒதுக்கிவிட்டு மூன்றையே வாங்கியிருக்கிறாள்.

"அந்தப் பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல. அம்மா பையைக் கையில கொடுத்தாங்க, வாங்கிட்டுப் போச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவை, சுண்ணாம்பை, கடையை, அதை வாங்கிக்கொண்டு போன அந்தப் பெண்ணைக் கூட மனத்துக்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். யாருக்கும் கேட்கவில்லை.

நான் வேலை போன சேதியைச் சொன்னதும் வீட்டுக்காரர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார். பிறகு எந்தக் கன்னத்தைத் துடைத்தாய், காட்டு என்றார். நீங்களே கண்டுபிடியுங்கள் என்று விளக்கடியில் உட்கார்ந்தேன். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"எனக்குத் தெரியல. ரெண்டுலயும் கோபம்தான் தெரியுது" என்றார்.

வாலு அவரைத் தள்ளிவிட்டு மடியில் ஏறினாள். வலது கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். இடது கன்னத்தில் ஒன்று கொடுத்துப் பார்த்தாள். இரண்டிலும் வேர்வை உப்புத்தான் போலிருக்கிறது, அவளுக்கும் பிடிபடவில்லை. இறங்கிப் போய்ச் சுவரிலிருந்த படத்தைக் கிழியாமல் எடுத்துவந்து, மண்ணிறப் பென்சிலைத் தேடத் தொடங்கினாள்.

ஆக, என் வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடையில்தான் ஒன்பதாம் எண்ணுக்கு இரண்டு பெயர். என் முகத்தில் இருந்தால் அதற்கு வெறும் மூஞ்சி என்று பெயர், பஞ்சுக்கு வந்தால் அழுக்கு என்று பெயர். மறுநாள் வேலை தேடிப் புறப்பட்டபோது ஒன்றும் பூசாமல் இரண்டு கன்னத்தையும் கழுவிக்கொண்டு போனேன், வீட்டுக்காரர் கிரீஸ் கை கழுவுகிற சோப்பில்.